பன்முகத்தன்மையை வெண்டர் படிவத்தின் நான்காம் பக்கத்தில் தேடுங்கள்

கேள்வி இது: "எங்கள் நிறுவனத்தில் பல ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். பணியாளர், வாடிக்கையாளர், சப்ளையர் என்று மூன்று தலைப்பில் பன்முகத்தன்மை அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பணியாளர் பகுதி புரிகிறது. மற்ற இரண்டும் எதற்கு? இதெல்லாம் பேருக்குச் செய்வதுதானா, உண்மையில் ஏதாவது மாறுமா? எங்கிருந்து தொடங்குவது?"

மாறும். மாறியதைப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வருடம் ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதல் துறையில் இருந்தேன், அதில் கடைசி ஆறு வருடம் புது வெண்டர்களை, அதாவது சப்ளையர்களை, சேர்க்கும் வேலை. அதனால் மூன்று தலைப்பையும் ஒரே அளவில் பேச மாட்டேன். சப்ளையர் பகுதியில்தான் அதிக நேரம் நிற்பேன். அறிக்கைகளில் அரைப் பக்கத்தில் முடிந்துபோவதும் அதுதான், ஒரு நிறுவனம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று காட்டிக்கொடுப்பதும் அதுதான்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனத்தில் யாரும் வாசலில் நின்று "நீ உள்ளே வராதே" என்று சொல்வதில்லை. அந்த வேலையைப் படிவம் செய்கிறது, தகுதி விதி செய்கிறது, பரிசோதனைக்கு யாரைக் கூப்பிட்டோம் என்பது செய்கிறது. விதியை எழுதியவர் பெரும்பாலும் நல்லவர்தான், யாரையும் ஒதுக்க நினைத்திருக்க மாட்டார். ஆனால் அவர் எழுதும்போது மனதில் ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளைப் போல இல்லாத எல்லாருக்கும் கதவு கொஞ்சம் குறுகலாகிவிட்டது. நீங்கள் எழுதப்போகும் அறிக்கை அந்தக் கதவுகளைப் பற்றியதாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

பணியாளர் பகுதி உங்களுக்குப் புரிகிறது என்கிறீர்கள். இருந்தாலும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 2004-ல் வெளியான ஒரு ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் ஐயாயிரம் ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றுபோல. மாற்றியது பெயரை மட்டும். வெள்ளையர் பெயர் போலத் தெரிந்த ரெஸ்யூமேக்களுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரிந்தவற்றைவிட ஐம்பது சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் இதே மாதிரி செய்து 2007-ல் வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதெல்லாம் இன்டர்வியூவுக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. "வந்தவர்களில் தகுதியானவரைத்தான் எடுத்தோம்" என்று ஹெச்.ஆர். சொல்வது உண்மையாகவே இருக்கலாம். வராமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவர்களின் சிபாரிசில் ஆள் எடுப்பதும் அப்படித்தான். செலவு குறைவு, நம்பிக்கையான ஆள் கிடைப்பார், எல்லாம் சரி. ஆனால் நமக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். பாதி வேலைகள் சிபாரிசில் நிரம்பும் இடத்தில், மீதிப் பாதியில் என்ன பன்முகத்தன்மைத் திட்டம் போட்டாலும் பானையில் ஒரு பக்கம் ஊற்றி மறுபக்கம் ஒழுகுகிற கதைதான்.

சரி, என்ன செய்தால் பலன் இருக்கிறது? அலெக்ஸாண்ட்ரா காலெவ், ஃப்ராங்க் டாபின், எரின் கெல்லி மூவரும் 708 அமெரிக்க நிறுவனங்களின் முப்பது வருடத் தரவை எடுத்துப் பார்த்து 2006-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லா நிறுவனங்களும் ஆசையாகச் செய்கிற பன்முகத்தன்மைப் பயிற்சி வகுப்புதான், மேலாளர் பதவிகளில் பெண்கள், கறுப்பினத்தவர் பங்கில் மிகக் குறைந்த மாற்றத்தைத் தந்தது. "இது உன் பொறுப்பு" என்று குறிப்பிட்ட ஆளையோ குழுவையோ நியமித்த இடங்களில்தான் மாற்றம் தெரிந்தது. என் அனுபவமும் இதுவே. ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து, சான்றிதழ் வாங்கி, மறுநாள் பழைய படிவத்தையே நிரப்பினால் என்ன மாறும்?

கதவையே மாற்றியதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி 2013-ல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது, மைக்ரோசாஃப்ட் 2015-ல் தொடங்கியது. வழக்கமான இன்டர்வியூவில் அவர்கள் தோற்றுவிடுவார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவது, கைகுலுக்குவது, தன்னைத் தானே விற்பது, இவைதான் அங்கே அளக்கப்படுகின்றன. அதனால் சில நாட்கள் கூட வைத்து, செய்ய வேண்டிய வேலையையே கொடுத்துப் பார்த்தார்கள். தகுதியைக் குறைக்கவில்லை. தகுதியை அளக்கும் கோலைச் சரிசெய்தார்கள். இந்த வேறுபாட்டை உங்கள் அறிக்கையில் எங்காவது ஒரு வரி எழுதுங்கள், ஏனென்றால் 'தரம் குறைந்துவிடும்' என்ற பயம்தான் கூட்டத்தில் முதலில் எழும்.

வாடிக்கையாளர் பகுதிக்கு வருகிறேன். விளம்பரத்தில் எத்தனை விதமான முகங்கள் என்று எண்ணுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது மேல்பூச்சு. நீங்கள் விற்கிற பொருள் எல்லார் கையிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவி கொரோனா காலத்தில் எத்தனையோ வீடுகளில் இருந்தது. அது ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி அளக்கிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒன்றைக் காட்டினார்கள். கருவி 92 முதல் 96 வரை, அதாவது பரவாயில்லை என்று காட்டிய நேரத்தில், ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையின நோயாளிகளில் 3.6 சதவீதம். மூச்சுத் திணறுகிறவரிடம் இயந்திரம் "நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள்" என்று சொல்லியிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஆனாலும் யாருடைய விரலில் வைத்துச் சரிபார்த்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

2018-ல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. மொத்த சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. உங்கள் நிறுவனத்திலும் வாடிக்கையாளர் திருப்தி என்று ஒற்றை எண் ஒன்று இருக்கும். அதைப் பிரித்துக் கேளுங்கள்: பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் எத்தனை பேர் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் எந்தத் திரையில் நின்றுவிட்டார்கள் என்று. சின்ன விஷயம் ஒன்று: குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவம். ஒற்றைப் பெயரும் ஒரு இனிஷியலும் மட்டும் உள்ள நம்மில் எத்தனை பேர் அதில் அப்பா பெயரையோ, புள்ளியையோ, தன் பெயரையே இரண்டாம் முறையோ போட்டு நிரப்பியிருக்கிறோம்! அப்புறம் அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கட்டத்தை வடிவமைத்த குழுவில் ஒற்றைப் பெயர்க்காரர் ஒருவர் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். பணியாளர் பகுதியும் வாடிக்கையாளர் பகுதியும் ஒன்றோடொன்று பின்னியிருப்பது இங்கேதான்.

நல்ல பக்கமும் உண்டு. சாம் ஃபார்பர் என்பவரின் மனைவிக்கு விரல் மூட்டுகளில் வாதம். காய்கறி சீவும் கருவியைப் பிடிக்க அவர் சிரமப்படுவதைப் பார்த்துத்தான் தடித்த, மெத்தென்ற கைப்பிடி வைத்த 'ஆக்ஸோ குட் கிரிப்ஸ்' 1990-ல் பிறந்தது. வலி உள்ள கைக்காக யோசித்தது, வலி இல்லாத கைகளுக்கும் பிடித்துப்போனது.

இப்போது சப்ளையர். ஒதுக்கப்பட்ட பிரிவினர் நடத்தும் தொழில்களிடமிருந்தும் வாங்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் 1960-களின் இறுதியில் வேர்விட்டது. கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டங்களும் நகரக் கலவரங்களும் நடந்த காலம் அது. ஐபிஎம் 1968-லேயே திட்டம் தொடங்கியது. 1969-ல் அதிபர் நிக்சன் சிறுபான்மையினர் தொழில்களுக்கென்று தனி அலுவலகம் அமைத்தார். அங்கிருந்து வந்ததுதான் '51 சதவீதம்' என்ற கணக்கு: தொழிலின் 51 சதவீத உரிமையாவது ஒதுக்கப்பட்ட பிரிவினர் கையில் இருக்க வேண்டும், நடத்துவதும் அவர்களாகவே இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கா 2003-ல் சட்டமாகவே கொண்டுவந்து, யாரிடமிருந்து வாங்குகிறீர்கள் என்பதற்கும் மதிப்பெண் போட்டது. இந்தியாவில் மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கை இருக்கிறது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதம்.

சதவீதங்கள் இருக்கட்டும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

லேபிள் அச்சடிக்கும் சிறு தொழில் நடத்திய ஒரு பெண்மணி மாதிரியோடு வந்திருந்தார். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடம். எங்கள் லைன் சூப்பர்வைசர் அவருடைய லேபிள் ஒன்றைக் குளிர்ந்த பாட்டிலில் ஒட்டி, ஈரக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். மை அசையவில்லை, ஓரம் கிளம்பவில்லை. பக்கத்திலேயே அப்போதைய வெண்டரின் லேபிளையும் ஒட்டித் தேய்த்தார். மூலை சுருண்டது. விலையும் அந்த அம்மாவுடையது குறைவு. எனக்குச் சந்தோஷம். வெண்டர் பதிவுப் படிவத்தைக் கொடுத்தேன்.

அவர் அங்கேயே உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. 'கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு ஆண்டும் ஆர்டர் மதிப்பைப் போல ஐந்து மடங்கு விற்றுமுதல்.' அதற்குக் கீழே பேங்க் கேரண்டி, அதாவது வெண்டர் தவறினால் வங்கி பணம் தரும் என்ற உறுதி. அதற்கும் கீழே, இன்வாய்ஸ் ஒப்புதலானதிலிருந்து தொண்ணூறு நாளில் பேமென்ட். நிமிர்ந்து பார்த்து, "சார், லேபிள் ஒட்டுமா ஒட்டாதான்னு பார்க்கிற இடம் இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த ஐந்து மடங்கு வரி ஏன் இருக்கிறது என்று பிறகு தேடிப் பார்த்தேன். பல வருடம் முன்னால் இயந்திரம் நிறுவ வந்த ஒப்பந்ததாரர் ஒருவர் பாதியில் விட்டுப் போய்விட்டாராம். அதற்காக அந்த ஒரு டெண்டரில் சேர்த்த வரி. யாரோ அந்தப் படிவத்தை நகலெடுத்து எல்லாக் கொள்முதலுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். பல கோடி இயந்திரத்துக்கு எழுதிய விதி, லேபிளுக்கும் துடைப்பத்துக்கும் காவல் நின்றுகொண்டிருந்தது. அதை எடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. நிதித்துறை, சட்டத்துறை, ஆடிட் என்று ஒவ்வொரு மேஜையிலும் "இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றார்கள். கடைசியில் எடுத்த பிறகு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அச்சு இயந்திரத்தை விற்றுவிட்டதாகச் சொன்னார். இன்றும் மனதை உறுத்துகிற போன் அது.

அந்தத் தொண்ணூறு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காகிதமும் மையும் இன்று வாங்க வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம். பணம் வருவதற்குள் மூன்று சம்பளம் கொடுத்தாக வேண்டும், அதுவும் கடன் வாங்கி. அந்த வட்டி லாபத்தைத் தின்றுவிடும். பெரிய நிறுவனத்துக்கு வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும், சிறியவருக்குக் கிடைக்காது. அப்படியிருக்க, சிறியவரின் காசில் பெரியவர் மூன்று மாதம் தொழில் நடத்துவது என்ன நியாயம்? சொந்தப் பணமோ சொத்தோ உள்ள குடும்பத்திலிருந்து வந்தவர் அதைத் தாங்குவார். முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வந்தவர், அடமானம் வைக்கத் தன் பெயரில் எதுவும் இல்லாத பெண், இவர்கள் தாங்க மாட்டார்கள். பேமென்ட் நாள் என்பது சாதி, இனம், பாலினம் எதையும் கேட்காமலே ஆளைச் சலித்துவிடும் சல்லடை. சட்டங்கள் இதைத் தொட்டிருக்கின்றன: இந்தியாவின் 2006-ம் ஆண்டுச் சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ம் ஆண்டு விதி, நிறுவனங்களுக்கிடையே பொதுவாக 60 நாள் என்கிறது. உங்கள் நிறுவனம் சராசரியாக எத்தனை நாளில் தருகிறது என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள நாளைக் கேட்காதீர்கள், வங்கியில் பணம் ஏறிய நாளைக் கேளுங்கள். பில் ஒப்புதலுக்காக ஒரு மேஜையில் கிடக்கும் நாட்கள் எந்தக் கணக்கிலும் வராது.

அடுத்தது டெண்டரின் அளவு. எல்லாக் கிளைக்கும் சேர்த்து ஒரே ஆர்டர் போட்டால் விலை குறையும், கொள்முதல் ஆளுக்கும் வேலை குறையும். நானே அப்படிச் சேர்த்துச் சேமித்துப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் சேர்க்கச் சேர்க்க, போட்டியிடத் தகுதியானவர்கள் இரண்டு மூன்று பேராகச் சுருங்கிவிடுவார்கள். அதற்கும் விலை உண்டு. 2000 மார்ச்சில் நியூ மெக்சிகோவில் பிலிப்ஸின் சிப் தொழிற்சாலையில் சின்னத் தீ விபத்து. சில நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள். அங்கே சிப் வாங்கிவந்த செல்போன் நிறுவனங்களில் நோக்கியா உடனே வேறு இடங்களில் சிப் தேடியது. அந்த ஒரே ஆலையை நம்பியிருந்த எரிக்சனுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 40 கோடி டாலர். இது சமூகப் பன்முகத்தன்மை பற்றிய கதை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிதித்துறைக்குப் புரிகிற மொழி இது. வாங்குமிடங்களை அகலமாக வைத்திருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டால், புதியவர்களுக்கு இடம் தானாகப் பிறக்கிறது.

பினாமி விஷயத்தையும் மறைக்கக் கூடாது. இலக்கு என்று ஒன்று வைத்தவுடன் மனைவி பெயரில், டிரைவர் பெயரில் கம்பெனி முளைக்கும். தென்னாப்பிரிக்காவில் 2013-ம் ஆண்டுத் திருத்தம் இதைக் குற்றமாகவே ஆக்கியது: பத்து வருடம் வரை சிறை, நிறுவனமாக இருந்தால் ஆண்டு விற்றுமுதலில் பத்து சதவீதம் வரை அபராதம். பங்குச் சான்றிதழைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நேரில் போங்கள். விலையை யார் பேசுகிறார், காசோலையில் யார் கையெழுத்து, ஆள் எடுப்பதும் நீக்குவதும் யார் என்று பாருங்கள். அரை நாளில் தெரிந்துவிடும். இந்த மோசடியைக் காரணம் காட்டித் திட்டத்தையே மூடச் சொல்பவர்கள் வருவார்கள். விலைப் போட்டியிலும் மோசடி உண்டு, அதற்காக டெண்டரை யாரும் மூடுவதில்லையே.

"லாபம் கூடுமா?" என்று நிர்வாகக் குழு கேட்கும். இங்கே கவனமாக இருங்கள். மேலிடத்தில் பன்முகத்தன்மை உள்ள நிறுவனங்கள் அதிக லாபம் ஈட்டுகின்றன என்று மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2015 முதல் சில அறிக்கைகள் வெளியிட்டது. எல்லாரும் அதையே மேற்கோள் காட்டினார்கள். 2024-ல் ஜெரெமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஸ் அண்ட் பி 500 பட்டியலை வைத்துப் பார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் அந்த வாதத்தின் மேல் வீடு கட்டாதீர்கள். ஒரு காலாண்டில் லாபம் குறைந்தால் திட்டமும் இடிந்துவிடும். ஈரத்தில் சுருளாத லேபிள் நமக்குக் கிடைக்காமல் போனது, ஆக்சிஜன் கருவி தவறாகக் காட்டியது, இப்படிக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய இழப்புகளைச் சொல்லுங்கள். யாரும் மறுக்க முடியாது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2023-ல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2025 ஜனவரியில், அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்களுக்கான 1965-ம் ஆண்டு சமவாய்ப்பு ஆணை ரத்தானது. பல நிறுவனங்கள் தங்கள் திட்டங்களைச் சுருக்கின, பெயரை மாற்றின. அதனால் ஒதுக்கீடு, இலக்கு என்று எதை எழுதினாலும் சட்டத்துறையைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். ஆனால் பேமென்ட் நாளைக் குறைப்பதற்கும், டெண்டரைப் பிரிப்பதற்கும், நகலெடுத்த விதியை நீக்குவதற்கும் யாருடைய அடையாளத்தையும் கேட்க வேண்டியதே இல்லை. அங்கிருந்தே தொடங்கலாம்.

எங்கிருந்து என்று கேட்டீர்கள். போன வருடம் வெண்டராகப் பதிவு செய்ய வந்து பாதியில் நின்றவர்கள் பட்டியலைக் கொள்முதல் துறையிடம் வாங்குங்கள். அப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கவில்லை என்பார்கள். அதையே அறிக்கையின் முதல் கண்டுபிடிப்பாக எழுதிவிட்டு, வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும், இது எந்த ஆபத்தைத் தடுக்க எழுதியது, அந்த ஆபத்து இந்தப் பொருளுக்கு உண்டா என்று பென்சிலில் குறியுங்கள். பதில் தெரியாத வரிகளைத் தனியாக எழுதிக்கொண்டு நிதித்துறைக்கு நேரில் போங்கள். மெயிலில் அனுப்பினால் "இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றுதான் பதில் வரும்.